திமிங்கிலத்தை என்ன செய்வது? வன்னிக் கரையிலிருந்து நான்கு வழிகளை எடைபோட்டுப் பார்த்தல்

அண்மையில் இரண்டு பேர் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். ஒருவர் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர். "வலையை அறுத்துக்கொண்டு போகிற திமிங்கிலத்தைக் காப்பாற்றுங்கள் என்று எங்களுக்கு வகுப்பு எடுக்கிறார்கள். நோர்வேக்காரனும் யப்பான்காரனும் அடித்து விற்கலாம், நாங்கள் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேணுமோ? சங்கம் என்ன நிலைப்பாடு எடுக்கலாம்?" என்பது அவருடைய கேள்வி. மற்றவர் கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கும் மாணவி. 'வணிகத் திமிங்கில வேட்டை மீனவச் சமூகங்களின் உரிமை' என்ற தலைப்பில் விவாதப் போட்டி. எந்தப் பக்கம் பேசினால் நிற்கும் என்று கேட்கிறார்.

இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இலங்கையில் திமிங்கிலம், டொல்பின், கடற்பசு எல்லாமே சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, கொல்வது குற்றம். அதனால் சங்கம் நாளைக்கே ஈட்டியோடு இறங்கலாமா என்ற பேச்சுக்கு இடமில்லை. உலகத்தில் நடக்கிற இந்த வாதத்தில் ஒரு மீனவ ஊர் எங்கே நிற்க வேண்டும், அங்கே நிற்பதற்குப் பதிலாக எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

## எதை வைத்து எடைபோடுவது

இந்த வாதம் வழக்கமாக இரண்டு இடத்தில் போய் முட்டிக்கொள்ளும். திமிங்கிலம் அறிவுள்ள பிராணி, கொல்லாதே என்பார்கள் ஒரு பக்கம். எங்கள் பண்பாடு, தலையிடாதே என்பார்கள் மறுபக்கம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டை வைத்தும் ஒரு சங்கம் தீர்மானம் எழுத முடியாது. நான் நான்கு கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது, காசு எந்தக் கைக்குப் போகிறது: வள்ளம் தள்ளுகிறவன் கைக்கா, கரையே காணாத முதலாளி கைக்கா?

இரண்டாவது, கடல் தாங்குமா? ஒரு சூடை மீன் ஆயிரக்கணக்கில் முட்டை விடும். பெரிய திமிங்கிலம் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும். மீனில் ஒரு பருவம் பிழைத்தால் சில ஆண்டுகளில் சரிக்கட்டலாம். இதில் பிழைத்தால் பேரப்பிள்ளைகள் காலத்திலும் சரிவராது.

மூன்றாவது, எவ்வளவு பிடிக்கலாம், எப்போது நிறுத்தலாம் என்பதை யார் முடிவெடுக்கிறார்?

நான்காவது, கணக்குப் புத்தகத்தில் வராத செலவு. இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

## அதற்கு முன்: திமிங்கிலம் எங்கள் மீனைத் தின்கிறதா?

செயலாளரின் கேள்விக்குப் பின்னால் இந்தச் சந்தேகம் இருப்பது தெரிகிறது. மனிதர் பிடிப்பதைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கைத் திமிங்கிலங்கள் தின்கின்றன என்று 1999இல் யப்பானிய ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். வேட்டைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் இன்றும் அதைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

தொகை பெரிதுதான். என்ன தின்கின்றன என்று பார்த்தால் கதை மாறுகிறது. தென்துருவத்தில் கிரில் என்ற சிற்றிறால், ஆழ்கடலில் கணவாய் என்று, நம் வலைக்குள் வராத உணவுதான் அதில் பெரும் பங்கு. இலங்கைக் கடலில் உள்ள நீலத் திமிங்கிலங்களின் சாணத்தைச் சோதித்தபோது, அவை பெரும்பாலும் கூனி இறால் வகையைச் சேர்ந்த சிறு இறாலைத் தின்பது தெரிந்தது. திருகோணமலைப் பக்கம் வரும் எண்ணெய்த் திமிங்கிலம் ஆழத்துக்கு மூழ்கிக் கணவாய் தேடுகிறது. மேற்கு ஆபிரிக்கா, கரிபியன் கடல்களை வைத்து 2009இல் செய்த ஓர் ஆய்வு, திமிங்கிலங்களை முழுவதுமாக அகற்றினாலும் மீனவருக்குக் கிடைக்கும் மீன் பெரிதாகக் கூடிவிடாது என்றே காட்டியது.

டொல்பின் வலையில் மாட்டிய மீனைப் பிடுங்குவது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் நெத்தலியும் கும்பளாவும் அறுக்குளாவும் குறைந்ததற்குக் காரணம் தேடினால் இரவில் வெளிச்சம் பாய்ச்சுகிறவர்களையும் சுருக்குவலையையும் தங்கூசி வலையையும் இந்திய றோலரையும் தாண்டித்தான் திமிங்கிலத்திடம் போக வேண்டும். றோலர் கடலடியை வாரி இழுக்கும் மீன்பிடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. எல்லை தாண்டி வருகிற படகுக்கு அந்தச் சட்டம் பெரிதாக உறைக்கவில்லை.

ஒரு பக்கக் குறிப்பு. வன்னியில் நோர்வே என்றால் எல்லாருக்கும் அது நடுவராக நின்ற 2002 போர்நிறுத்தமும் கிளிநொச்சிக்கு வந்து போன தூதுவர்களும்தான் நினைவு. கொஞ்சம் வயதானவர்களுக்கு நோர்வே உதவியில் கட்டிய காரைநகர் சீநோர் படகுகளும் நினைவிருக்கும். அதே நோர்வேதான் 1950களில் கேரளத்தில் ஓர் உதவித் திட்டத்தோடு இறங்கி, இந்தியக் கரைகளில் இழுவைப்படகு பரவ வழிவிட்டது. அதே நோர்வேதான் இன்றும் திமிங்கிலம் பிடிக்கிற முதன்மை நாடுகளில் ஒன்று. நல்ல மனதோடு வருகிற தொழில்நுட்பம் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியாது.

## வழி 1: ஒதுக்கீட்டோடு வணிக வேட்டை

சர்வதேச திமிங்கில ஆணைக்குழு 1982இல் வாக்கெடுத்து, 1986 முதல் வணிக வேட்டையை நிறுத்தியது. இன்று அதையும் மீறி வணிக வேட்டைக்கு அனுமதி வைத்திருக்கும் நாடுகள் மூன்று: நோர்வே, ஐஸ்லாந்து, யப்பான். மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவது பிழை.

வேட்டைக்குச் சார்பாகப் பேச வேண்டி வந்தால் மாணவி நோர்வேயைப் பிடித்துக்கொள்ளலாம். நிறுத்தத்துக்கு முறைப்படி ஆட்சேபம் தெரிவித்து, 1993இல் மீண்டும் தொடங்கிய நாடு அது. பிடிப்பது மிங்கி என்ற சிறிய இனம். வடகிழக்கு அத்திலாந்திக்கில் அது ஓர் இலட்சத்துக்கு மேல் இருக்கிறது. பிடிக்கிறவர்கள் சாதாரண மீன்பிடிப் படகுக்காரர். வேனிலில் திமிங்கிலம், மற்றப் பருவத்தில் கொட் மீன். சுடப்பட்டவற்றில் 82 சதவீதம் உடனே இறந்தன என்று அவர்களுடைய அளவீடு சொல்கிறது. முதல் இரண்டு கேள்வியிலும் நோர்வே தேறிவிடும். சறுக்குவது சந்தையில். ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் ஒதுக்கியும் அண்மைக் காலத்தில் பாதியளவு கூடப் பிடிபடாத ஆண்டுகள் உண்டு. வாங்கிச் சாப்பிட ஆள் குறைந்துகொண்டே வருகிறது.

ஐஸ்லாந்தில் பெரிய துடுப்புத் திமிங்கிலத்தைப் பிடிப்பது ஒரேயொரு கொம்பனி. 2022இல் 148 பிடித்தது. கண்காணிக்கப்பட்டவற்றில் 59 சதவீதம்தான் உடனே இறந்தன. மற்றவற்றில் பாதி பதினொன்றரை நிமிடத்துக்கு மேல் துடித்தன என்று அரசாங்கத்தின் உணவு அதிகாரசபையே அறிக்கை எழுதியது. 2023 ஜூனில் அமைச்சர் வேட்டையை இடைநிறுத்தினார். அந்த ஆண்டு கடைசியில் 24 மட்டும். 2024இலும் 2025இலும் ஒன்றுகூட இல்லை. இறைச்சியின் சந்தை யப்பான். அங்கே விலை விழுந்ததால் 2025இல் கொம்பனியே படகைக் கரையில் கட்டிப்போட்டுவிட்டது. இதில் மீனவ ஊர் எங்கே இருக்கிறது? பருவக் கூலிக்கு வெட்டுகிற இடத்தில்.

யப்பானின் கதை நீளமானது, எங்களுக்கு அதிகம் உதவக்கூடியதும் அதுதான். போருக்குப் பின் பட்டினி கிடந்த நாடு திமிங்கிலத்தைத் தின்று பிழைத்தது. 1962இல் இரண்டு இலட்சம் தொன்னுக்கு மேல் சாப்பிட்டார்கள். இப்போது ஏறத்தாழ இரண்டாயிரம் தொன். 1987 முதல் 'ஆராய்ச்சி' என்று சொல்லித் தென்துருவம் வரை போய்ப் பிடித்தார்கள். அது அறிவியல் நோக்கத்துக்கானது என்று ஏற்க முடியாதென 2014இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் ஆணைக்குழுவை விட்டே வெளியேறி, சொந்தக் கடலில் வணிக வேட்டையைத் தொடங்கினார்கள். 2024இல் சுமார் 750 கோடி யென் செலவில், பிடித்த திமிங்கிலத்தைக் கடலிலேயே வெட்டிப் பதப்படுத்துகிற புதிய தாய்க்கப்பல் வந்தது. பேரங்காடிகள் இறைச்சியை வாங்கி வைக்கத் தயங்கியதால், 2023இல் யோக்கோஹாமாவில் காசு போட்டு எடுக்கிற தானியங்கிப் பெட்டியில் விற்கத் தொடங்கினார்கள். பல ஆண்டுகளாக அரசாங்கத்தின் உதவிப் பணம் இல்லாமல் இந்தத் தொழில் ஓடவில்லை.

இதற்குள் அயுக்காவா என்ற சிறிய ஊர் இருக்கிறது. வடகிழக்குக் கரையில், பரம்பரையாகத் திமிங்கிலம் பிடித்த ஊர். 2011 ஆழிப்பேரலை அதை அள்ளிக்கொண்டு போனது. அது எப்படி இருந்திருக்கும் என்று 2004ஐப் பார்த்த முல்லைத்தீவுக்கு விளக்கத் தேவையில்லை. அயுக்காவாவின் சிறு படகுகள் மிங்கி பிடிப்பதை 1988இல் நிறுத்த வேண்டி வந்தது. அடுத்த முப்பது ஆண்டுகள், கரையோரச் சிறு வேட்டைக்காவது ஒதுக்கீடு தாருங்கள் என்று யப்பான் ஆணைக்குழுவில் கேட்டுக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் பேசப்பட்ட பெயர் அயுக்காவா மாதிரி ஊர்களுடையது. கடலுக்குப் போனதும் அரசாங்கப் பணத்தைப் பெற்றதும் பெருங்கப்பல். சிறு படகுகள் மீண்டும் வணிகத்துக்கு மிங்கி பிடிக்க வழி திறந்தது 2019இல்தான். அதற்குள் ஒரு தலைமுறை வேறு தொழிலுக்குப் போயிருந்தது.

மீனவர் உரிமை என்ற பெயரில் யார் வந்து பேசினாலும் நான் அயுக்காவாவைத்தான் நினைப்பேன். நாளை இலங்கையில் வேட்டைக்கு அனுமதி கிடைத்தால் யார் வருவார்கள்? பதினெட்டு அடிப் பைபர் படகில் போய்த் திமிங்கிலத்தை இழுத்துவர முடியாது. முதல் உள்ளவன்தான் வருவான், அவன் இந்தக் கரையைச் சேர்ந்தவனாக இருக்க மாட்டான். 2021இல் கௌதாரிமுனையில் சீனத் தொடர்புள்ள கடலட்டைப் பண்ணை பற்றி எழுந்த சர்ச்சையை மறந்திருக்க மாட்டீர்கள். கடல் ஊரவருடையது, அனுமதி கொடுத்தது யார் என்ற கேள்வி அங்கே கடலட்டைக்கே எழுந்தது.

மறைந்த செலவுகளில் பெரியது பொய்க் கணக்கு. சோவியத் கப்பல்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய சில பதிற்றாண்டுகளில் சுமார் 1,80,000 திமிங்கிலங்களைக் கணக்கில் காட்டாமல் கொன்றன. அது 1993இல்தான் வெளியே வந்தது. 1966இன் கடைசியில் அதே கப்பல்கள் அரபிக்கடலில் 242 கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்றன. வேறெங்கும் இடம்பெயராமல் அந்தக் கடலிலேயே வாழும் கூட்டம் அது. ஓமான் கரையில் இன்று நூறுக்கும் குறைவாகவே மதிப்பிடப்படுகிறது. ஒதுக்கீடு என்பது எண்ணுகிறவனின் நேர்மையில் நிற்கிற விடயம். பிடிக்கிறவனே எண்ணினால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் கடலுக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது.

இந்த வழி எங்கே பொருந்தும்? இனம் ஏராளமாக இருந்து, படகு ஊரவருடையதாக இருந்து, உள்ளூரில் சாப்பிட ஆள் இருந்து, கண்காணிப்பாளர் வெளியாராக இருந்தால். வன்னியில் இந்த நான்கில் ஒன்றும் இல்லை. எங்கள் சந்தையில் திமிங்கில இறைச்சிக்கு ஆளே கிடையாது.

## வழி 2: முழுத் தடை

தடை வேலை செய்தது, அதில் சந்தேகமில்லை. 20ஆம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 29 இலட்சம் பெருந்திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. தென்துருவ நீலத் திமிங்கிலம் சுமார் 2,39,000இலிருந்து 1970களின் தொடக்கத்தில் நானூறுக்கும் கீழே போனது, இன்னும் மீளவில்லை. ஆனால் தென்மேற்கு அத்திலாந்திக்கின் கூன்முதுகுத் திமிங்கிலம் 450 அளவில் இருந்து 25,000 வரை திரும்பி வந்துவிட்டது. எங்கள் கடலும் இந்தக் கணக்கில் உண்டு. சீசெல்ஸ் என்ற சின்னத் தீவு நாட்டின் முயற்சியில் 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயமானது.

இனிச் செலவு. அந்த 29 இலட்சத்தை மார்ஜரீனுக்கும் எண்ணெய்க்கும் அழித்தவை பெரிய நாடுகளின் கப்பற்படைகள். தடையின் பாரம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றாக வந்து விழுந்தது. செயலாளரின் கோபத்தில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான்.

கடலுக்குத் தடை என்றால் என்ன என்று வன்னியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. போர்க் காலத்தில் தூரக் கட்டுப்பாடு, நேரக் கட்டுப்பாடு, கடலுக்குப் போகப் பாஸ். மீள்குடியேறிய பிறகும் கரையில் முகாம். எங்கோ இருக்கிற ஒருவர் கோடு கீறுவார், இங்கே ஒரு வீட்டில் உலை வைக்க முடியாமல் போகும். இந்த நினைவோடு இருக்கிற மக்களிடம் 'பாதுகாக்கப்பட்ட வலயம்' என்று பதாகையோடு வந்தால் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். அது அறியாமை என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இந்த ஊரில் ஒரு மாதம் இருந்து பார்க்கலாம்.

நடைமுறைச் செலவுக்கு வருவோம். இன்று திமிங்கிலத்தையும் டொல்பினையும் கூடுதலாகக் கொல்வது ஈட்டி இல்லை, வலை. ஆண்டுக்கு உலகம் முழுவதும் சுமார் மூன்று இலட்சம் வலையில் சிக்கி இறக்கின்றன என்பது பலரும் மேற்கோள் காட்டும் மதிப்பீடு. இரவில் செவுள் வலைக்குள் பெரியதொன்று விழுந்தால் படகுக்காரனுக்கு இரண்டு வழிதான்: வலையை வெட்டிவிடுவது, அல்லது படகோடு இழுபடுவது. வெட்டினால் கடனில் வாங்கிய வலை கடலுக்குப் போகும். அந்த இழப்பு எந்தப் பாதுகாப்பு அறிக்கையிலும் வராது.

குஜராத்தில் இதற்கு ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். அங்கே பிரச்சினை திமிங்கிலச் சுறா. மீன்தான், ஆனால் உடம்பு திமிங்கிலம் அளவு. 2001இல் பிடிக்கத் தடை வந்தது. வெறும் தடையோடு விட்டிருந்தால் இரவோடு இரவாகக் கொன்று மூழ்கடித்திருப்பார்கள். வலையை வெட்டிச் சுறாவை விட்டுவிட்டு ஆதாரம் காட்டினால் வனத்துறை வலைக்கு நட்டஈடு கொடுக்கிற முறையைக் கொண்டுவந்தார்கள். நூற்றுக்கணக்கான சுறாக்கள் மீனவர் கையாலேயே விடுவிக்கப்பட்டன. தடையை மீனவர் தூக்கிப் பிடிப்பது இப்படித்தான் நடக்கும்.

இன்னொரு செலவு கதவுக்கு வெளியே நிற்கிறது. கடல் பாலூட்டிகளைக் காக்கப் போதிய நடவடிக்கை எடுக்காத மீன்பிடியின் மீனை இறக்குமதி செய்வதில்லை என்று அமெரிக்கா 2016இல் எழுதிய விதி, 2026 ஜனவரி முதலாம் திகதி முதல் நடைமுறைக்கு வந்தது. பூநகரிப் பக்கமும் மன்னார்ப் பக்கமும் பிடிபடுகிற நீல நண்டு போகிற சந்தைகளில் அமெரிக்காவும் ஒன்று. நண்டு வலைக்கும் திமிங்கிலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுக்கொண்டிருக்கிற காலம் முடிந்துவிட்டது. டொல்பினும் கடற்பசுவும் அந்தப் பட்டியலில்தான் வருகின்றன.

எழுதின சட்டம் வருவதற்கு முன்பே காத்து வந்த மீனவரும் உண்டு. வியட்நாமில் கரையொதுங்கிய திமிங்கிலத்துக்கு ஊர் கூடிச் செத்தவீடு செய்வார்கள்; எலும்பைக் கோயிலில் வைத்துக் கும்பிடுவார்கள். பான் தியெட் நகரில் அப்படியொரு கோயிலில் 22 மீற்றர் நீள எலும்புக்கூடு இருக்கிறது. புயலில் படகைத் தாங்குவது அதுதான் என்று நம்பிக்கை. நம்பிக்கையை இறக்குமதி செய்ய முடியாதுதான், ஆனாலும் 'மீனவன் என்றால் கொல்லத்தான் பார்ப்பான்' என்று பேசுகிறவர்களுக்குக் காட்ட இது உதவும்.

திமிங்கிலம் பிடிக்கிற மரபே இல்லாத இடத்தில், எண்ணிக்கை நிச்சயமில்லாத இடத்தில், வெளிமுதல் வாசலில் காத்திருக்கிற இடத்தில் தடைதான் நல்ல தெரிவு. மூன்றும் எங்களுக்குப் பொருந்துகின்றன.

## வழி 3: ஊர் சாப்பாட்டுக்கான வேட்டை

இதை வணிக வேட்டையோடு குழப்புகிறவர்கள் அதிகம். விவாதத்தில் எதிரணி குழப்பினால் உடனே பிரித்துக் காட்ட வேண்டும்.

அலாஸ்காவின் வடகரைப் பழங்குடிகள் வில்தலைத் திமிங்கிலத்தைப் பனிக்கட்டி ஓரத்தில் பிடித்துப் பங்கிட்டுச் சாப்பிடுகிறார்கள், இறைச்சியை விற்பதில்லை. 1977இல் ஆணைக்குழு அந்த வேட்டையை நிறுத்தப் பார்த்தது. மிஞ்சியிருப்பது அதிகம் போனால் இரண்டாயிரத்துச் சொச்சம் என்பது அன்றைய விஞ்ஞானிகளின் மதிப்பு. பனிக்கட்டிக்கு அடியாலும் போகின்றன, தூரக் கடலாலும் போகின்றன, நீங்கள் பாதியைத்தான் எண்ணுகிறீர்கள் என்றார்கள் வேட்டைக்காரர். அவர்கள் தங்களுக்கென்று ஓர் ஆணைக்குழு அமைத்து, நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவிகளோடு விஞ்ஞானிகளையும் கூட்டிக்கொண்டு எண்ணினார்கள். வேட்டைக்காரர் சொன்னதே சரியென்று வந்தது. 2011 கணக்கெடுப்பில் 16,000க்கு மேல். ஒதுக்கீடு அவர்கள் கையில் நிற்கிறது, இனமும் பெருகியிருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு உலகத்தில் இருக்கிற ஆகச் சிறந்த பதில் இதுதான் என்பேன்.

இந்தோனேசியாவின் லமலேராவைப் படித்தால் மன்னார்க்காரர் யாரும் ஒரு கணம் நிற்பார்கள். கத்தோலிக்க மீனவ ஊர். மே முதலாம் திகதியை ஒட்டிப் பூசை வைத்துப் படகை ஆசீர்வதித்த பிறகுதான் பருவம் தொடங்கும். ஈட்டிக்காரர் படகின் முனையிலிருந்து எண்ணெய்த் திமிங்கிலத்தின் மேலே பாய்ந்து குத்துவார். யாருக்கு எந்தத் துண்டு என்பது பரம்பரையாக வகுத்திருக்கிறது, கரைவலையில் பங்கு பிரிப்பதைவிடக் கறாராக. மிஞ்சிய கருவாட்டைப் பெண்கள் மலைக்கு மேலே கொண்டுபோய்ச் சோளத்துக்கு மாற்றுவார்கள். 1970களில் ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் இந்த வேட்டையை நவீனமாக்க ஆள் அனுப்பியது. அனுப்பப்பட்டவர் எந்த நாட்டுக்காரர் என்று நினைக்கிறீர்கள்? நோர்வே. இயந்திரப் படகும் பீரங்கி ஈட்டியும் சில ஆண்டுகளில் கைவிடப்பட்டன. ஊர் பழைய படகுக்கே திரும்பியது.

செலவு இல்லாமல் இல்லை. உயிராபத்து ஒன்று. உடம்பு இன்னொன்று: பரோ தீவுகளில் வழிகாட்டித் திமிங்கிலத்தைப் பரம்பரையாகச் சாப்பிடுகிறார்கள், பாதரசம் கூடியிருப்பதால் இனிச் சாப்பிடவே வேண்டாம் என்று 2008இல் அந்நாட்டுத் தலைமை வைத்திய அதிகாரிகளே சொல்லிவிட்டார்கள். மரபு என்ற பெயரில் எல்லை தாண்டுவதும் நடக்கும். 2021 செப்டெம்பரில் அங்கே ஒரே நாளில் 1,428 டொல்பின்கள் கொல்லப்பட்டபோது ஊரவரே கூசினார்கள்.

மரபு உண்மையில் உள்ள ஊருக்கு இது சரி; பயிர் விளையாத கரையில் இதுதான் சோறு. எங்களுக்கு அந்த மரபு இல்லை. இல்லாத மரபை விவாதத்துக்காக உண்டாக்கக் கூடாது.

## வழி 4: பார்க்கக் கூட்டிப்போவது

கொல்வதைவிடக் காட்டினால் கூடக் காசு என்பது இப்போது எல்லா மேடையிலும் சொல்லப்படுகிறது. 2008இல் 119 நாடுகளில் 1.3 கோடிப் பேர் திமிங்கிலம் பார்க்கப் போனார்கள், 210 கோடி டொலர் புழங்கியது என்ற கணக்கும் கூடவே வரும். நியூசிலாந்தின் கைக்கூராவில் மாவோரிச் சமூகம் 1987இல் தொடங்கிய சொந்தக் கொம்பனி ஊரையே தூக்கி நிறுத்தியது. தொங்காவில் 1978இல் மன்னர் வேட்டையை நிறுத்தினார். இன்று அதே திமிங்கிலத்தைப் பார்க்க உலகமே அங்கே போகிறது.

எங்கள் பக்கத்திலும் வாய்ப்பு இல்லாமல் இல்லை. 1980களின் தொடக்கத்தில் டூலிப் என்ற ஆராய்ச்சிப் படகு திருகோணமலைக்கு வெளியே நீலத் திமிங்கிலத்தையும் எண்ணெய்த் திமிங்கிலத்தையும் பதிவு செய்தது. அங்கே கரைக்குக் கிட்டவே கடல் பாதாளமாக இறங்குகிறது. முல்லைத்தீவிலிருந்து ஆழத்துக்குப் போகக் கூடுதல் தூரம் ஓட வேண்டும், அவ்வளவும் எரிபொருள். பூநகரி, மன்னார் வடக்குப் பக்கம் பேச்சே வேண்டாம், பாக்கு நீரிணையில் அந்த ஆழமே இல்லை.

யாரும் சொல்லாத செலவு பருவம். கிழக்குக் கடல் அமைதியாக இருக்கிற மாதங்களில்தான் ஆட்களைக் கூட்டிப்போகலாம். கரைவலைக்கும் தொழிலுக்கும் உரிய மாதங்களும் அவைதான். ஒரு படகை இரண்டுக்கும் விட முடியாது. அதனால் காசுள்ளவன் தனிப்படகு இறக்குவான், மீனவன் அதில் சம்பளத்துக்கு நிற்பான். தென்கரையின் மிரிஸ்ஸவில் படகுகள் கூடித் திமிங்கிலத்தைத் துரத்துகிறார்கள் என்ற முறைப்பாடு பல ஆண்டாக இருக்கிறது. கிட்டப் போவதைக் கட்டுப்படுத்த 2012இல் ஒழுங்குவிதிகள் வந்தும் ஓயவில்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, 2020 கொரோனா, 2022 எரிபொருள் வரிசை என்று அடுத்தடுத்து விழுந்தபோது சுற்றுலாவை மட்டும் நம்பியவர்கள் என்ன பாடு பட்டார்கள் என்பது தெரிந்ததே. கைக்கூராவுக்கே 2016 நிலநடுக்கத்தில் கடற்படுக்கை மேலெழுந்து துறை இயங்காமல் போனது.

சங்கமே உரிமையாளராக இருந்து, ஓரிரு படகு மட்டும் பக்க வருமானமாக ஓடினால், கொக்கிளாய், நாயாறுப் பக்கம் முயன்று பார்க்கலாம். முழுத் தொழிலாக நம்ப வேண்டாம்.

## சரி, தீர்மானத்தில் என்ன எழுதுவது

மாணவிக்கு: எதிர்த்துப் பேசுங்கள். ஆனால் 'பாவம் திமிங்கிலம்' என்று தொடங்க வேண்டாம், நடுவர்கள் அதை ஆயிரம் தரம் கேட்டிருப்பார்கள். வணிக வேட்டை மீனவச் சமூகத்தின் உரிமையாக எங்கே இருந்தது என்று கேளுங்கள். ஐஸ்லாந்தில் ஒரு கொம்பனி, யப்பானில் அரசாங்கப் பணம், சோவியத்தில் திட்ட இலக்கு. அயுக்காவாவைச் சொல்லுங்கள். எதிரணி நோர்வேயைக் கொண்டுவந்தால் ஒப்புக்கொண்டு, வாங்க ஆளில்லாத ஒதுக்கீட்டைக் காட்டுங்கள். அலாஸ்காவைக் கொண்டுவந்தால் அது வணிகம் இல்லை என்று ஒரே வரியில் முடியுங்கள்.

சங்கத்துக்கு: தடையின் பக்கம் நில்லுங்கள், சும்மா நிற்க வேண்டாம். வலை வெட்டி விடுவித்தால் நட்டஈடு, அதற்குக் கைத்தொலைபேசிப் படமும் படகின் பதிவு இலக்கமும் போதிய ஆதாரம் என்று ஏற்கும் நடைமுறை. சிக்கியதை அறிவித்தவர்மீது வழக்கு இல்லை என்ற எழுத்து மூல உறுதி. இது இல்லாவிட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், எண்ணிக்கையும் ஒருபோதும் சரியாக வராது. கணக்கெடுக்க வருகிற ஆய்வாளர் குழுவில் சங்கத்தின் ஆள் ஒருவர். பாதுகாப்பு வலயம் எதுவும் வரைவதற்கு முன், சங்கங்களின் கூட்டமைப்பான சமாசத்தோடு எழுத்தில் கலந்தாலோசனை. அதே கடிதத்தில் சுருக்குவலைக்கும் வெளிச்சம் பாய்ச்சலுக்கும் றோலருக்கும் எதிரான சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கேளுங்கள், தனிக் கடிதமாக வேண்டாம். திமிங்கிலத்தைக் காக்க வேண்டுமென்று வருகிற அதிகாரி அந்தப் பந்தியையும் வாசித்துத்தான் கையொப்பம் போட வேண்டும். கடிதத்தின் பிரதியைக் கடற்றொழில் நீரியல்வளத் திணைக்களத்துக்கும் மாவட்டச் செயலகத்துக்கும் ஒரே நாளில் கொடுத்து, இரண்டிலும் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.